தான்தோன்றிவேல் மற்றும் பலர்

1

பேர்கன் நகரத்து மழையைப் பற்றி ஊருக்கு எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. மாரியில் வயல்வட்டை முழுக்க வெள்ளம் நிற்கக் கண்டவர்கள் இதெல்லாம் ஒரு மழையா என்று கேட்பீர்கள். எங்கள் மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். நோர்வே மழைக்கு வரத்தான் தெரியும், போகத் தெரியாது. அப்படியொரு காலையில் ஆய்வுகூடத்துக்கு வந்து ஈரக் கோட்டைக் கொழுவிவிட்டுக் கணினியைத் திறந்தேன். ஓர் அறிவிப்பு வந்து கிடந்தது.

அதைச் சொல்வதற்கு முன் என் தொழிலைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பாள் மீனைப் பற்றி எழுதுகிறாள் என்றதும் எங்கள் வாவியின் பாடும் மீன் வரப்போகிறது என்று பயப்பட வேண்டாம். நான் மீன்களை வெட்டி, அரைத்து, அவற்றின் மரபணுக்களை வாசிக்கிறவள். என் கைக்கு வரும் மீன் எதுவும் பாடும் நிலையில் இருப்பதில்லை. மூலக்கூற்று உயிரியல் என்று இதற்குப் பெயர். இந்தத் தொழிலில் ஓர் ஆளின் பெறுமதியை இரண்டே கேள்வியில் முடித்துவிடுவார்கள். எத்தனை கட்டுரை எழுதினாய்? அதை எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டினார்கள்? நல்ல மனிசியா, பல்லியைக் கண்டால் ஓடுகிறவளா என்று யாரும் கேட்பதில்லை. இதைக் கணக்கெடுக்கவென்றே இணையத்தளங்கள் இருக்கின்றன. அப்படியான ஒன்றிலிருந்துதான் அந்த அறிவிப்பு.

"உங்களுடைய புதிய கட்டுரை உங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது."

நான் அண்மையில் எதையும் வெளியிடவில்லை. திறந்து பார்த்தேன். மட்டக்களப்பு வாவி இறால்களில் காணப்படும் ஒரு பற்றீரியாவின் மரபணுக்கள் பற்றிய கட்டுரை. எழுதிய இடம் மட்டக்களப்பு. எழுதியவர் நி. தான்தோன்றிவேல். என்னை இந்த உலகம் ய. தான்தோன்றிவேல் என்று அறியும். இரண்டு பேரும் ஒருவர்தான் என்று கணினி நினைத்துவிட்டது. கீழே ஒரு கேள்வி: "இது நீங்களா?" பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு பெட்டிகள்.

என் பெயர் யசோதா. தான்தோன்றிவேல் என் அப்பா. நம்மவர்கள் தகப்பன் பெயரை முன்னெழுத்தாகப் போட்டுக்கொண்டு சும்மா இருப்போம். இங்கே வந்து இறங்கிய கிழமையே குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். நான் முழித்தேன். அவர்கள் கடவுச்சீட்டைப் பார்த்து அப்பாவைக் குடும்பமாக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் எழுதிய ஒவ்வொரு கட்டுரையும் அப்பாவின் பெயரில்தான் வருகிறது. நியூசிலாந்தில் ஒருவர் என் முடிவோடு ஒத்துப்போனால், "தான்தோன்றிவேல் மற்றும் பலர் காட்டியபடி" என்று எழுதுவார். ஒத்துப்போகாவிட்டாலும் அப்பாவைத்தான் திட்டுவார்.

அந்தப் பெயர் வேறு எவருக்கும் இல்லை. அப்பா பிறக்க முன்னர் அவருடைய தகப்பன் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரருக்கு நேர்ந்தாராம், தாய் மண்டூர் வேலவனுக்கு நேர்ந்தாவாம். எந்தச் சாமியின் பெயர் என்று புருசனும் பெண்சாதியும் பிடித்த சண்டையில் இரண்டையும் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று அப்பா குறைப்பட்டுக்கொள்வார்.

குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் ஆட்களிடையே ஒரே பெயர் வந்தால் அது எதுவாகவும் இருக்கலாம். ஒன்றுவிட்ட சகோதரம், தூரத்துச் சொந்தம், ஒன்றுமேயில்லாத ஆள். எங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. இந்த நி.யின் தகப்பன் பெயர் தான்தோன்றிவேல்.

2

நான் நாலாம் வகுப்பில் இருக்கும்போது அப்பா காணாமல் போனார்.

எங்கள் வீடு களுவாஞ்சிக்குடியில். வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. அப்பா அந்தக் கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். ஒவ்வொரு காலையும் துறையடிக்குப் போய், சைக்கிளோடு படகில் ஏறிக் கடந்து போவார். பொல்லாத காலம் அது. ஒரு நாள் போனவர் பின்னேரம் வரவில்லை. மறுநாள் படகில் சைக்கிள் மட்டும் வந்தது. யார் கொண்டுபோனார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அம்மா எல்லாக் கதைகளையும் கேட்டுவிட்டுப் பொட்டை வைத்துக்கொண்டு வாசலில் இருந்தா. இன்றைக்கும் அந்தப் பொட்டு இருக்கிறது.

மேற்கோள் என்றால் என்னவென்று அம்மாவுக்கு ஒரு நாள் விளங்கப்படுத்தினது நான்தான். அன்று தொடங்கிய பழக்கம். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுத்தால் சாப்பிட்டாயா என்பதற்கு முன்னர் இது வரும்.

"இந்தக் கிழமை அப்பாட பேர ஆரும் எடுத்தவங்களா?"

"ஓமம்மா, பிரேசில்ல ஒராள்."

"என்னெண்டு எழுதியிருக்கு?"

"தான்தோன்றிவேல் மற்றும் பலர் எண்டு."

"அந்தப் பலர் ஆரு?"

"என்னோட வேலை செய்யிறவங்க அம்மா."

"அப்ப மனிசன் தனிய இல்ல" என்றா அம்மா. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை எந்தக் கிழமையும் விட்டதில்லை. யாருமே எடுக்காத கிழமைகளில் நான் ஜப்பானில் ஒராள் என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

ஒருமுறை அரசாங்கக் கந்தோரிலிருந்து அழைத்து, அப்பாவுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கும்படி தன்மையாகச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா என் மேற்கோள் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தா. எழுதுநர் பிள்ளை பார்த்துவிட்டு, "இது உங்கட மகள்ட பேரம்மா" என்றிருக்கிறாள்.

"மகள்ட பேர் யசோதா. இது அவர்ர பேர். போன மாசமும் புழங்கியிருக்கு, தேதியப் பாருங்க" என்றுவிட்டு அம்மா ஒப்பமிடாமல் வந்துவிட்டா. இதைக் கேட்டு நான் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் உடம்பு ஒரு மாதிரிக் குளிர்ந்தது.

3

கட்டுரையை வாசிக்க வாசிக்க அந்தக் குளிர் திரும்பி வந்தது. வசனங்கள் என்னுடையவை போல் இருந்தன. செய்முறையைச் சொல்லும் ஒழுங்கு, ஒரு முடிவைச் சொல்ல முன்னர் தயங்கும் விதம், எல்லாம் நான் எழுதுவது போலவே. களவு என்று சொல்லவும் முடியாது, ஒரு வசனமும் என்னுடையதல்ல. கடைசிப் பக்கத்தில் என்னுடைய ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்தது. ஊரில் பட்டப்படிப்பின்போது, வாவித் தண்ணீரில் ஒரு பற்றீரியாவைப் பிடித்து எழுதிய குஞ்சுக் கட்டுரை. அது எனக்கே மறந்துவிட்டது.

மதியச் சாப்பாட்டில் என்னோடு வேலை செய்கிற நோர்வேக்காரி வாழ்த்துச் சொன்னாள். "ஊருக்குப் போய் வேலை செய்தாய் என்று சொல்லவேயில்லையே. வாசித்தவுடன் நீதான் என்று தெரிந்துவிட்டது." நான் போகவில்லை என்றேன். அவள் பகிடி என்று நினைத்து ரொட்டியைக் கடித்தாள்.

ஒரு விஷயம் மட்டும் என்னுடையது போல் இல்லை. கட்டுரையில் வாவியின் வரைபடம் இருந்தது. தண்ணீர் எடுத்த இடங்களைப் புள்ளிகளாகக் காட்டியிருந்தார்கள். ஒரே இடைவெளியில் அழகாக வந்த புள்ளிகள், எங்கள் துறைக்கு நேரே அக்கரையில், வேர் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் ஒரு கண்டல் பத்தை வருகிற இடத்தில் இல்லை. அதைத் தாண்டி மறுபடி தொடங்கின. நானென்றால் அப்படி ஓர் இடத்தை விடமாட்டேன். கண்டல் அடிச் சேறுதான் இந்த வேலைக்கு நல்ல இடம்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். மீராவுக்குப் பதினாறு வயது. இங்கே பிறந்தவள். என் குடும்பப் பெயரே இங்கே பிள்ளைக்கும் போனதால் அவளும் தான்தோன்றிவேல்தான். வகுப்பில் ஒருவருக்கும் வாயில் வராத அந்தப் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு வருடமாக நச்சரிக்கிறாள். அவள் கைப்பேசியில் அந்த நி.யைத் தேடிப் பிடித்தாள். நிலக்சன். இளம் ஆராய்ச்சியாளர். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும்.

"அம்மா, இது கஷ்டமில்லை" என்றாள் ஞாயிறு வகுப்புத் தமிழில். "அம்மப்பா சாகவில்லை. வேற குடும்பம் செய்திருக்கிறார். உனக்குத் தம்பி இருக்கு. நல்லதுதானே?"

நான் மனக்கணக்குப் போட்டேன். அப்பா போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு பிறந்த பிள்ளை. அப்படியென்றால் அம்மா வாசலில் இருந்த அந்த வருடங்களில் அவர் எங்கோ சோறு தின்றுகொண்டு, இன்னொரு பிள்ளைக்குத் தன் பெயரைக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. கோபத்துக்கு அடியில் வெட்கமில்லாத ஒரு சந்தோசமும் இருந்தது. எந்தப் பெட்டியையும் அழுத்தாமல் கணினியை மூடினேன்.

4

நிலக்சனுக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்குக் காலை, அவர்களுக்குப் பின்னேரம். கைப்பேசித் திரையில் ஒரு மெலிந்த பொடியன். பின்னால் காற்றாடி சுற்றியது. அந்த நாடியைப் பார்த்தேன், காதைப் பார்த்தேன். அப்பாவின் காது அது.

"மிஸ், நீங்க எப்பயாவது எழுதுவீங்க எண்டு தெரியும்" என்றான். "கம்பஸ் முதல் வருசத்துலயே உங்கட பேரக் கண்டிட்டன். உங்கட பேப்பர் எல்லாத்தையும் வாசிச்சித்தான் எழுதப் பழகின. மேற்கோள் காட்டக்குள்ளயும் பயந்து பயந்துதான் காட்டின."

"ஏன் பயம்?"

"இந்தப் பேருக்கு வேற சொந்தக்காரர் ஆருமில்லையெண்டுதான் நினைச்சிக்கிட்டிருந்த, மிஸ்."

அப்பாவைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தொழில்காரி ஒளிந்துகொள்ளும் இடம் தொழில்தானே. வரைபடத்தில் ஏன் அந்தக் கண்டல் பக்கத்தை விட்டாய் என்று கேட்டேன்.

பொடியன் சிரித்தான். "அம்மா அங்க இறங்க விடமாட்டா மிஸ். சின்னனில இருந்தே அப்பிடித்தான். அந்தப் பக்கத்து மீனெண்டா வீட்டுக்குள்ளயும் எடுக்கமாட்டா. ஏனெண்டு கேட்டா ஏசுவா."

பிறகு அவனே சொன்னான். "அப்பாவ நான் கண்டதில்ல. நீங்க அம்மாவோட கதைங்க."

5

திரையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தா. தலையில் முக்காடு போலச் சேலையை இழுத்துப் பிடித்திருந்தா. மகனை வெளியே போகச் சொன்னா. என்னைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டு தொடங்கினா.

"நான் உங்கட அப்பாட்டப் படிச்ச நான். எட்டாம் வகுப்புல. சேர் அடிக்கமாட்டார். கணக்குப் பிழைச்சா, பிழையும் நல்லாத்தான் இருக்கு எண்டுவார்."

அப்பாவின் வசனம் அது. எனக்கு அதைச் சொல்லுவார். அவ்வளவு வருடத்துக்குப் பிறகு அது ஒரு படுவான்கரைப் பெண்ணின் வாயிலிருந்து வந்தது.

"இவன்ட தகப்பன் ஆரெண்டு நான் ஒருத்தருக்கும் சொன்னதில்ல. அவர்ர பேரச் சொல்லியிருந்தா எனக்கும் கரைச்சல், புள்ளைக்கும் கரைச்சல். அவரும் போய்ச் சேர்ந்திட்டார். நான் வயித்தோட கிரான் பக்கம் ஓடிப்போய் இருந்த நான். அங்க என்னை ஆருக்கும் தெரியா. புள்ளையப் பதியப் போனா, தகப்பன்ட பேரென்ன, தகப்பன்ட பேரென்ன எண்டு கேட்கிறாங்க. கலியாணக் கடதாசி எல்லாம் ஓடக்குள்ள துலைஞ்சிட்டெண்டு சொன்னன். பேர் ஒண்டு சொல்லத்தானே வேணும்? உசிரோட இருக்கிற ஆள்ட பேரச் சொன்னா அவன் வந்து இல்லையெண்டுவான். வந்து இல்லையெண்டு சொல்ல ஏலாத ஆளாப் பார்த்துச் சொன்னன். சேர் நல்ல மனிசன், கோவிக்கமாட்டார் எண்டு."

சொல்லிவிட்டு அழுதா. "புள்ளை படிச்சி இப்பிடிப் பேர் வெளிநாட்டுக்கெல்லாம் போகுமெண்டு எனக்குத் தெரியாது. நீங்க கேசு கீசு போட்டுராதீங்க தங்கச்சி."

நான் போடமாட்டேன் என்றேன். அந்தப் பெயர் உங்கள் பிள்ளைக்குத்தான் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். அதில் பொய் இல்லை. கைப்பேசியை வைத்துவிட்டு மீராவின் மடியில் படுத்து அழுதேன். அப்பா எங்களை ஏமாற்றியிருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்! ஒரு கிழமையாக அவரைத் திட்டிக்கொண்டிருந்தேனே, அந்த ஒரு கிழமைதான் அவர் எனக்கு உயிரோடு இருந்த காலம். நிலக்சனின் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். காது அப்பாவுடையது போல் இல்லவே இல்லை.

6

அம்மாவுக்குச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அன்றே எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொடியன், பெயர், கிரான், பதிவு, அந்தப் பெண் சொன்னதை அப்படியே. வரைபடத்தை மட்டும் சொல்லவில்லை. அது எங்கள் தொழில் விஷயம், அம்மாவுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அம்மா முழுவதையும் கேட்டா. பின்னால் தெருவில் பாண் விற்கும் வண்டியின் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவள் என்ன சொன்னவள் எண்டு திருப்பிச் சொல்லு."

"வந்து இல்லையெண்டு சொல்ல ஏலாத ஆளாப் பார்த்துச் சொன்னனெண்டு."

"காணாமப் போன ஆள் எப்ப வேணுமெண்டாலும் வரலாம்தானே, புள்ள. நாங்க அப்பிடித்தானே இருக்கிறம். வர ஏலாதெண்டு அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

நான் அதை யோசிக்கவேயில்லை. மரபணு வாசித்துப் பட்டம் வாங்கியவளுக்குப் பிடிபடாதது அம்மாவுக்கு ஒரு நொடியில் பிடிபட்டுவிட்டது. வரைபடம் கண்ணுக்கு முன்னால் வந்தது. துறைக்கு நேரே, புள்ளி வைக்காமல் விட்ட அந்தக் கண்டல் பத்தை. எட்டாம் வகுப்புப் பிள்ளையொன்று பள்ளிக்கூடம் விட்டுப் போகும் வழி அது, அப்பா படகுக்கு வரும் வழியும் அதுதான். பிறகு அந்தப் பிள்ளை அந்தப் பக்கத்து மீனைக் காலம் முழுக்கத் தின்னவில்லை.

"அம்மா, அவட்டக் கேட்கவா?" என்றேன்.

"கேளாத" என்றா அம்மா. "கேட்டா அவள் சொல்லிப்போடுவாள்."

அடுத்த நாள் நிலக்சன் எழுதியிருந்தான். அடுத்த கட்டுரையை மதிப்பிட்டவர்கள், அந்த ஓர் இடத்தை ஏன் விட்டாய், அங்கேயும் மாதிரி எடு என்று கேட்டிருக்கிறார்களாம். அம்மாவுக்குத் தெரியாமல் இறங்கப் போகிறானாம். "கண்டலடிச் சேறு அள்ளி அனுப்பினா உங்கட லாப்ல பார்க்க ஏலுமா மிஸ்? எங்கட ரெண்டு பேர்ட பேரும் ஒரே பேப்பர்ல வந்தா நல்லம்."

சேறு எதை வைத்திருக்கும், எவ்வளவு காலம் வைத்திருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பனிக்கு அடியில் கிடந்த சேற்றிலிருந்து, எப்போதோ செத்துப்போன விலங்குகளின் டீஎன்ஏயை எடுத்து வாசிக்கிறார்கள். அதே கருவிகள் எங்கள் ஆய்வுகூடத்திலும் இருக்கின்றன. கிடைப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க, பஞ்சுக் குச்சியால் என் கன்னத்தின் உள்ளே ஒருமுறை தடவினால் போதும். ஒரு போத்தல் சேறு வந்தால் அம்மாவின் பொட்டு இருப்பதா இல்லையா என்பதை நானே தீர்த்துவைத்துவிடலாம். அந்த மின்னஞ்சலுக்கு ஒரு கிழமையாகப் பதில் எழுதவில்லை. காலையில் மழைக்குள் போனேன், வெள்ளை அங்கியைப் போட்டேன், சால்மன்களை அரைத்தேன். ஒவ்வொரு நாளும் அந்தத் தளம் "இது நீங்களா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தது.

மீரா பெயரை மாற்றுகிற பேச்சை நிறுத்திவிட்டாள். ஏனென்று கேட்டேன். "அங்கே ஒருத்தர் அதை வைத்திருக்கிறாரே. நான் விட்டால் சரியில்லை" என்றாள். அவளைக் கட்டிப்பிடித்தேன். பெண் கூச்சப்பட்டு நெளிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மாவுக்கு எடுத்தேன். முதல் தடவையாக அந்தக் கேள்வி வரவில்லை. மழையைக் கேட்டா, மீராவைக் கேட்டா. பிறகு சாதாரணமாகச் சொன்னா.

"புள்ள, ஆத்துல தண்ணி எடுக்கிற அந்தப் பொடியன்."

வாவியை எங்கள் பக்கத்தில் ஆறு என்றுதான் சொல்வார்கள்.

"ஓமம்மா."

"அவனுக்கு ஒரு சொல்லுச் சொல்லிவிடு. எங்க வேணுமெண்டாலும் இறங்கி எடுக்கட்டும். துறைக்கு நேர அங்கால ஒரு கண்டல் பத்தை கிடக்கு. அதுக்குள்ள மட்டும் இறங்க வேணாம்."

நான் கண்டலைப் பற்றி அம்மாவிடம் வாய் திறந்ததேயில்லை. ஏதாவது சொல்லுவா என்று பார்த்தேன். சொல்லவில்லை. கடைசியில் நான்தான், "சரியம்மா, சொல்லுறன்" என்றேன்.

"ம்" என்றா அம்மா. "மறுகா, இந்தக் கிழமை அப்பாட பேர ஆரும் எடுத்தவங்களா?"